பொருத்தக்காரர் வீட்டுக் கண்ணாடித் தொட்டி

பொருத்தக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நான் சோதிடரைச் சொல்லவில்லை. சோதிடருக்குப் பஞ்சாங்கம் வேண்டும், வெற்றிலை பாக்கு வேண்டும், சொன்னது பலிக்காவிட்டால் பழிபோட ஒன்பது கிரகங்கள் வேண்டும். பொருத்தக்காரருக்கு ஒன்றும் வேண்டாம். எது எதோடு ஒத்துப்போகும், யார் யாரோடு ஒட்டமாட்டார் என்பது அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். தெரிந்ததோடு நிற்காது, சொல்லிவிடுவார். சொன்னதோடும் நிற்காது, உங்களை எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்துவிடுவார்.

நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். கல்யாணப் பந்தியில் நல்ல பசியோடு இலை முன்னால் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, முதல் அகப்பை சோறு வருகிற நேரத்தில், பின்னாலிருந்து தோளைத் தொட்டு, "நீங்க இங்கிட்டு வாங்க, அவுக அங்கிட்டு இருக்கட்டும், ரெண்டு பேருக்கும் ஒட்டாது" என்று ரகசியமாக, ஆனால் இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னாரே, அவர்தான். திருச்சி பஸ்ஸில் ஏறி, இடம் இருந்தும் உட்காராமல், முன் சீட்டுக்காரரைப் பின்னாலும் பின் சீட்டுக்காரரை ஜன்னலோரத்திலும் மாற்றிப் போட்டுவிட்டு, கீரனூர் வருகிற வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி மனநிறைவோடு நின்றுகொண்டே வந்தாரே, அவரும் அவர்தான். ஊறுகாய் ஜாடிகளைக்கூட அவர் விடுவதில்லை. மாங்காய் ஜாடிக்கு அடுத்தாற்போல எலுமிச்சை ஜாடி இருந்தால் இரண்டும் மனம் கசந்து பூசணம் பிடிக்குமாம்.

அந்தப் பந்தியில் பிரிக்கப்பட்ட இருவரும் அதற்கு முன்னால் சண்டை போட்டதுண்டா? இல்லை. அதற்குப் பிறகு? அதைக் கேட்காதீர்கள்.

திருக்கோகர்ணத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டு மைக்கேல்சாமி அண்ணன் இந்த இனத்தில் முதல் தரம். சொந்த ஊர் ஆவூர். இங்கே ஓர் ஆபீஸில் ஹெட் கிளார்க். ஆபீஸில் எந்த நாற்காலிக்குப் பக்கத்தில் எந்த நாற்காலி என்பதை அவர்தான் தீர்மானிப்பார். மாதம் ஒரு முறை எல்லாரும் மேஜையைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். அவருக்கு இரண்டே தீர்ப்புகள். "ஒட்டும்." "ஒட்டாது." அப்பீல் கிடையாது.

அவர் மனைவி ஜெபமாலை அக்காவுக்கும் அவருக்கும் ஒட்டுமா என்று கேட்பீர்கள். குழம்பில் உப்பு அதிகம் என்பார் அவர். குறைவு என்பார் அக்கா. ஜன்னலைச் சாத்து என்பார் அவர். திற என்பார் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டு ஆட்டுக்கல் தேய்ந்து வழவழத்துப் போயிற்று. கொத்துகிறவன் இதோ வருகிறான், அதோ வருகிறான் என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது. அதனால் மாவாட்ட அவர்கள் வீட்டுக்குத்தான் போவேன். குனிந்து மாவாட்டுகிற பெண்ணுக்குக் காது இருக்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் வராது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், மாற்றலாகிப் போன மேலதிகாரி ஒருவர், லாரியில் ஏற்றினால் உடைந்துவிடும் என்று தன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியை மைக்கேல்சாமி அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இரண்டு தங்க மீன்கள். சென்னைப்பட்டணத்திலிருந்து ரயிலில் வந்தவை. கூடவே விசிறி போல வால் விரித்த குட்டி மீன்கள் ஆறு. எங்கள் தெருவில் அதுவரை யாரும் சமைக்கிற உத்தேசம் இல்லாமல் மீனை வீட்டுக்குள் வைத்ததில்லை. ஜெபமாலை அக்கா தொட்டியை இரண்டு தடவை சுற்றிவந்தார்.

"ஏங்க, இதை எப்பங்க குழம்பு வைக்கிறது?"

"வைக்கிறதா? இது பார்க்கிறதுக்கு!"

"பார்த்துட்டேன்ங்க. அப்புறம்?"

அண்ணனுக்கு அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. தொட்டியைப் பார்த்தவுடன் அவருக்குக் கை துறுதுறுத்துவிட்டது. இவ்வளவு பெரிய இடத்தில் இத்தனை கொஞ்சம் பேரா? யாரை யாரோடு குடிவைப்பது என்று தானே தீர்மானிக்கக்கூடிய ஓர் உலகம், நாலு பக்கமும் கண்ணாடி போட்டு, கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது! பொருத்தக்காரருக்குச் சொர்க்கம் என்று வேறு ஏதாவது இருக்க முடியுமா?

ஆபீஸ் பியூன் மலையாண்டியிடம் சொல்லி, கண்மாயிலிருந்து ஒரு குடம் குஞ்சு மீன்கள் தருவித்தார். அவற்றைப் பித்தளை அண்டாவில் கொட்டி, ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் பேட்டி கண்டார். கெளுத்திக் குஞ்சு முதலில் விழுந்தது. "மீசை வச்சவனெல்லாம் ஜம்பக்காரன்" என்றார், தன் மீசையைத் தடவிக்கொண்டே. குறவை முறைத்துப் பார்த்ததாம், ஒட்டாது. வெள்ளி வெளேரென்று ஒரு கெண்டைக் குஞ்சு, நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றிச்சுற்றி வந்தது, துள்ளியது, அவர் மூக்குக் கண்ணாடியில் தண்ணீர் தெளித்தது. "பொறுக்கிப் பய. ஊரைக் கூட்டுறவன் வீட்டுக்கு ஆவானா?" வெளியே.

கடைசியில் அண்டாவின் அடியில், செக்கச்செவேலென்று, கடுக்காய் நீளத்தில் ஒன்று அசையாமல் கிடந்தது. யாரையும் இடிக்கவில்லை. எதற்கும் அவசரப்படவில்லை. அவ்வப்போது மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டு, மறுபடி அடியில் போய் நின்றது.

"பாத்தியா? ஜெபம் பண்ணிட்டுப் போகுது" என்றார் அண்ணன், ஸ்டூலை விட்டு எழுந்து.

அக்கா எட்டிப் பார்த்தார். "ஏங்க, இது விரால்ங்க."

"எந்த மீனுன்னு யாரு கேட்டா? குணத்தைப் பாரு."

"விராலுக்கு என்னங்க குணம்? முழுங்குறதுதான் குணம்."

மலையாண்டியும், "அது விரால்தாங்கய்யா" என்றான். மாவு வழித்துக்கொண்டிருந்த நானும் மெல்ல, "விரால்தாண்ணே" என்றேன். பால்காரர் சொன்னார். தபால்காரர் சொன்னார். புதுக்கோட்டைச் சீமையில் விராலைத் தெரியாதவர் யார்? அண்ணனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்: "ஊரே ஒண்ணச் சொன்னா அதுல நியாயம் இருக்காது. அமைதியா இருக்கிறது எல்லாரோடயும் ஒட்டும்." விரால் தொட்டிக்குள் குடியேறியது.

விளையாட்டாகத்தான் இருந்திருக்கும், நடுவில் ஞானசெல்வி இல்லாவிட்டால். அவர்களுடைய ஒரே மகள். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஆவூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த சந்தனராஜ் வீட்டிலிருந்து அவளைக் கேட்டு ஆள் வந்தது. அவளுக்கும் மனசு இருந்தது. சந்தனராஜ் தெருவில் வந்தால் முக்குத் திரும்பும் முன்பே தெரிந்துவிடும்; பாட்டு முன்னால் வரும், சைக்கிள் மணி அதற்குப் பின்னால் வரும், ஆள் கடைசியாக வருவார். பாஸ்கு நாடகத்தில் அவருக்கு வருஷா வருஷம் பிலாத்து வேஷம். ஏசுநாதரைக் கைவிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாரே, அந்த அதிகாரி.

"ஒட்டாது" என்றார் அண்ணன். "கை கழுவுறதையே வருஷா வருஷம் ஒத்திகை பார்க்கிறவன் கட்டுனவளை என்ன செய்வான்? வாயும் ஓயாது, காலும் ஓயாது. அந்தக் கெண்டைப் பயலேதான்."

அவர் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை மரியசூசை. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பேசமாட்டார். "அசல் தங்கம். நம்ம தொட்டியில அடியில நிக்குதே, அதே குணம்."

ஞானசெல்வி அதிகம் எதிர்த்துப் பேசுகிறவள் அல்ல. அன்றைக்கு மட்டும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, ஒங்க கணக்குத் தப்பிப்போனா?"

"தப்பாது."

"தப்பிப்போனா?"

அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தொட்டியைக் காட்டினார். "இதுல இருக்கிறது பூராவும் நான் சேர்த்து வச்ச கூட்டம். தவக்காலம் முடிஞ்சு பாஸ்குத் திருநாள் வரைக்கும், ஒண்ணுக்கு ஒண்ணு ஆகாம இதுல ஒரு உசுரு கொறஞ்சா, நான் பொருத்தம் சொல்றதையே விட்டுர்றேன். நீ அந்தப் பாட்டுக்காரனையே கட்டிக்க. கொறையலேன்னா மரியசூசை. சரியா?"

"சரிப்பா."

உள்ளே ஜெபமாலை அக்கா கையிலிருந்து கரண்டி விழுந்தது. இவ்வளவு சீக்கிரம் 'சரி' சொன்ன மகளைக் கண்டு அண்ணன் பூரித்துப் போனார். கீழ்ப்படிதல் என்று நினைத்தார்.

பாஸ்குத் திருநாள் என்றால் ஈஸ்டர். அதற்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் அவர்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஆகவே தேதி வைக்கிற பேச்சு பாஸ்குத் திருநாளுக்குத் தள்ளிப்போயிற்று. வீடே தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது.

இங்கேதான் விஷயம் கெட்டது. விரால் ஒன்றுமே செய்யவில்லை!

காரணம் அண்ணனேதான். விடிந்ததும் கொல்லையில் வாழையடியைக் கிளறி, தேங்காய்ச் சிரட்டை நிறைய மண்புழு எடுத்து வந்து போடுவார். விரால் தின்றுவிட்டு அடியில் கிடக்கும். தங்க மீன்கள் அதன் முதுகின் மேலேயே நீந்தும். செந்நிறம் போய், பச்சையும் கறுப்புமாக, ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்து, தொட்டியின் நீளத்தில் பாதியை அடைத்துக்கொண்டது. "வயசு ஏற ஏறப் பகட்டு கொறையுது பாரு, அதுதான் குணம்" என்றார் அண்ணன்.

"பாவி விரால்! இதுவும் சன்னியாசியாப் போச்சே" என்று அக்கா அடுக்களையில் புலம்பினார். "நாளைக்கு அந்தச் சிரட்டையை ஒளிச்சு வச்சிரட்டா?"

"வேண்டாம்மா" என்றாள் ஞானசெல்வி. "அப்பா நேராத்தான் பந்தயம் போட்டாரு. நாமளும் நேராத்தான் இருக்கணும்."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குழவிக்கு மாவைத் தள்ளிவிட்டாள். கை மாவைத் தள்ளியது. கண் கூடத்துத் தொட்டியில் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை எண்ணினாலும் எல்லாம் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மரியசூசை வந்தார். தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டார்கள். முறுக்கும் வாழைக்காய் பஜ்ஜியும் வைத்தார்கள். அண்ணன் நாட்டு நடப்பு, வீட்டு நடப்பு, மழை, பஸ் கட்டணம் எல்லாம் பேசினார். மாப்பிள்ளை அடியில் நிற்கிற மீனைப் பார்த்தார். மீன் மாப்பிள்ளையைப் பார்த்தது. புறப்படுகிற நேரத்தில், "தொட்டி எப்படிங்க?" என்று அண்ணன் கேட்டதற்கு, "ம்" என்றார்.

"பேசிட்டாரு!" என்று அண்ணன் உள்ளே ஓடிவந்து சொன்னார்.

அக்கா போய்த் தட்டை எடுத்தார். பஜ்ஜித் தட்டு காலி. அதற்குப் பக்கத்தில் மற்றவர்களுக்காக வைத்திருந்த தட்டும் காலி. ஒரு கடிபட்ட சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. அக்கா தட்டையும் பார்த்தார், தொட்டியையும் பார்த்தார்.

இப்படியே குருத்து ஞாயிறும் வந்துவிட்டது. இன்னும் ஒரே வாரம். அண்ணன் பத்திரிகை அடிக்கிற கடையில் விலை விசாரித்துவிட்டு வந்தார். ஞானசெல்வி எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

விராலின் வாயைத் திறந்தது யார் தெரியுமா? அண்ணனின் பக்தி.

பாஸ்குத் திருநாளுக்கு முந்தைய இந்தப் பெரிய வாரத்தில் அவர்கள் சுத்தபோசனம் காப்பார்கள்; மாமிசம் தொடமாட்டார்கள். ஒருசந்தியும் உண்டு; ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பாடு. திங்கட்கிழமை காலை, சிரட்டையும் கையுமாகக் கொல்லைக்குப் போன அண்ணன், வாழையடியில் நின்றுவிட்டார். புழு மாமிசமா, இல்லையா?

கோயில் உபதேசியாரிடம் போய்க் கேட்டார். அவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, "கோழியக் கேட்டிருக்காக, முட்டையக் கேட்டிருக்காக. மண்புழுவ இதுவரைக்கும் யாரும் கேக்கலீங்களே" என்றார். சந்தேகம் வந்தால் விலக்கிவிடுவதே உத்தமம் என்று அண்ணன் முடிவுகட்டினார். "இந்த வீட்டுல சோறு திங்கிற எல்லாரும் ஒண்ணுதான். மீனுக்கும் சுத்தபோசனம்."

புழு நின்றது. இட்லித் தூள் வந்தது.

என் கையால் ஆட்டிய மாவு. அதனால் சொல்கிறேன், பஞ்சு மாதிரி இருக்கும். தங்க மீன்களும் குட்டி மீன்களும் அடித்துப் பிடித்துத் தின்று கொழுத்தன. விரால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒன்றும் தின்னவில்லை. புதன்கிழமை ஒன்றும் தின்னவில்லை.

"ஒருசந்தி பிடிக்குது!" என்று அண்ணன் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "வாங்க, வந்து பாருங்க! வாயில்லா சீவன் ஒருசந்தி பிடிக்குது!"

வந்தார்கள். தெருவே வந்தது. ஆபீஸ் வந்தது. கோயிலுக்குப் போகிற வழியில் கிழவிகள் வந்து கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி மெழுகுவத்தி ஏற்றலாமா என்று கேட்டாள். விரால் அடியில் நின்றபடி மெதுவாக வாயைத் திறந்து மூடியது. "ஜெபம்! ஜெபம்!" என்று கூட்டம் முணுமுணுத்தது.

வியாழக்கிழமை அக்கா, "ஏங்க, குட்டி மீன் ரெண்டைக் காணோமே" என்றார்.

"பாசிக்குப் பின்னால தியானத்துல இருக்கும். பெரிய வாரம்ல?" என்றார் அண்ணன்.

ஞானசெல்வி மறுபடி எண்ணத் தொடங்கினாள்.

பெரிய வெள்ளி பிற்பகல் வீட்டைப் பூட்டிக்கொண்டு மூவரும் கோயிலுக்குப் போனார்கள். சிலுவைப்பாதை முடிந்து பொழுதுசாயத் திரும்பினார்கள். கதவு திறந்த சத்தம் கேட்டது. பிறகு அண்ணனின் குரல்: "தங்கச்சி! கொஞ்சம் இங்கிட்டு வாங்க!"

அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். தண்ணீர் தெளிந்து கிடந்தது. பாசி ஆடாமல் நின்றது. தொட்டியில் ஒரே ஒரு மீன். வயிறு பிள்ளைத்தாய்ச்சி வயிறு போல. வெற்றிலை போட்டவர் வாயோரத்தில் காம்பு நீட்டிக்கொண்டிருக்குமே, அதைப் போல அதன் வாயோரத்தில் தங்க நிறத்தில் ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கும்போதே அதுவும் உள்ளே போயிற்று.

"எங்கங்க மத்ததெல்லாம்?" என்றார் அக்கா.

அண்ணன் தொட்டியைக் காட்டினார். "உள்ளதான் இருக்கு."

"எதுக்குள்ள?"

ஆனால் பொருத்தக்காரர் அவ்வளவு சுலபத்தில் விடுவாரா? கண்ணாடியில் மூக்கு முட்ட உற்றுப் பார்த்துவிட்டு, "சண்டை நடந்த மாதிரித் தெரியலையே. ஒரு செதில்கூட விழலை. எவ்வளவு இணக்கமாப் போயிருக்குங்க பாருங்க" என்றார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அதெல்லாம் சரிங்க. ஒருசந்தி பிடிச்ச மீன் இப்படிப் பண்ணலாமா? பெரிய வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

ஞானசெல்வி தலையைக் குனிந்துகொண்டு, மிகவும் அடக்கமாகச் சொன்னாள்: "அதுல தப்பில்லைம்மா. சுத்தபோசனத்துக்கு மீன் ஆகும். மீன்தானே தின்னுச்சு? அதும் ஒரே வேளைதான்."

அக்கா முதலில் சிரித்தார். பிறகு நான் சிரித்தேன். பெரிய வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் சிரிக்கக்கூடாது என்று ஞாபகம் வந்து, நிறுத்தப் பார்த்து, விளக்குத் திரி ஆடுகிற அளவுக்குச் சிரித்தேன். அண்ணன் மகள் பக்கம் திரும்பினார். மீசை இரண்டு தடவை துடித்தது.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி விடணும்" என்றார்.

"எந்த மாப்பிள்ளை வீட்டுக்குங்க?"

"பாட்டுக்காரன் வீட்டுக்குத்தான். வேற எந்த வீட்டுக்கு? சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இல்லையா?"

பொருத்தக்காரர்களிடம் இந்த ஒரு நல்ல குணம் உண்டு. தப்பாகச் சொன்னாலும் சொன்னதைக் காப்பாற்றுவார்கள். ஞானசெல்வி கொல்லைப் பக்கம் போய், வாழைமரத்தடியில் நின்று, முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

பாஸ்குத் திருநாளுக்கு விரால் குழம்பானது. அக்கா கேட்ட கேள்விக்கு நாலு மாதம் கழித்துப் பதில் கிடைத்தது. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அண்ணன் ஒரு கவளம் வாயில் வைத்து, கண்ணை மூடி, "விராலுக்கும் மாங்காய்க்கும்..." என்று தொடங்கி, வாக்குக் கொடுத்தது ஞாபகம் வந்து, மீதியை விழுங்கிவிட்டார்.

அவர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். சித்திரை கடைசியில் கல்யாணம். மரியசூசையும் வந்திருந்தார், முதல் பந்தியிலும் இருந்தார், இரண்டாம் பந்தியிலும் இருந்தார். நான் நல்ல பசியோடு உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து, இலையைத் துடைத்தேன். சோறு வருகிறது. பின்னாலிருந்து என் தோளை யாரோ தொட்டார்கள்.

"தங்கச்சி, நீங்க கொஞ்சம் இங்கிட்டு வாங்க..."

போகட்டும், அவரை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சந்தனராஜ் என்கிற மனிதர் வாயைத் திறந்து ஞானசெல்வியிடம் ஒரு வார்த்தை பேசியதை நீங்கள் கேட்டீர்களா? ஒரு பாட்டு, ஒரு சைக்கிள் மணி, ஒரு பிலாத்து வேஷம், இவற்றைத் தவிர அவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? பாவம் அந்த மரியசூசை. இரண்டு தட்டு பஜ்ஜி தின்றார், 'ம்' என்றார். பயந்த சுபாவமோ, காலையிலிருந்து பட்டினியோ, நீங்கள் விசாரித்தீர்களா? இல்லை. கதை பாதி போவதற்கு முன்பே, இவளுக்கு அவர் ஒட்டும், இவர் ஒட்டாது என்று தீர்ப்பு எழுதி, இரண்டு பேரையும் எழுப்பி, இடம் மாற்றி உட்கார வைத்துவிட்டீர்கள்.

ஆகையால் அடுத்த பந்தியில் யாராவது பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தொட்டால், அது யாருடைய கை என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள். அந்தக் கையில் கிடக்கிற மோதிரம் உங்களுடையதாக இருக்கப்போகிறது.